ஏஐக்கு எவ்வளவு தண்ணீர்? பாலாற்றுப் படுகையில் இருப்பவர்களுக்கான கேள்வி-பதில்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கம் தண்ணீர் என்றாலே அளந்து பேசும் பழக்கம் உண்டு: எத்தனை குடம், எத்தனை லாரி, போரில் எத்தனை அடி. செயற்கை நுண்ணறிவு குடிக்கும் தண்ணீரையும் அப்படியே அளந்து பார்க்கலாம். பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் அடிக்கடி எழும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம்.

ஒரு கேள்வி கேட்டால் அரை லிட்டர் தண்ணீர் போகிறது என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, உண்மையா?

பாதி உண்மை. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகத்தில் ஷாவோலெய் ரென் குழு 2023-இல் வெளியிட்ட ஆய்வுதான் இதன் மூலம். நடுத்தர நீளமுள்ள 10 முதல் 50 பதில்களுக்கு அரை லிட்டர் என்பது அவர்கள் சொன்னது. எந்த ஊரில், எந்த நேரத்தில் கணினி ஓடுகிறது என்பதைப் பொறுத்து அது மாறும் என்றும் சொன்னார்கள். செய்தி கைமாறிக் கைமாறி வந்ததில் '10 முதல் 50' மட்டும் உதிர்ந்துவிட்டது. கணக்கும் ஜிபிடி-3 என்ற பழைய மாடலுக்கானது.

அதன்பிறகு நிறுவனங்களே எண்களைச் சொல்லத் தொடங்கின. 2025 ஜூனில் ஓப்பன்ஏஐ தலைவர் சாம் ஆல்ட்மன் சொன்னபடி, சராசரி சாட்ஜிபிடி கேள்வி ஒன்றுக்கு 0.34 வாட் மணி மின்சாரம், சுமார் 0.32 மில்லி தண்ணீர். ஆகஸ்டில் கூகுள் தன் ஜெமினிக்குச் சொன்னது 0.24 வாட் மணி, 0.26 மில்லி, அதாவது ஐந்து சொட்டு. இதற்கிடையே ஜூலையில் பிரான்ஸின் மிஸ்ட்ரால் நிறுவனம் ஒரு பக்க அளவுள்ள பதிலுக்கு 45 மில்லி என்றது.

0.26 எங்கே, 45 எங்கே! 170 மடங்கு வித்தியாசம். பொய் சொல்வதால் வரும் வித்தியாசம் இல்லை. வேலி எங்கே போட்டார்கள் என்பதுதான் காரணம். கூகுளின் எண் டேட்டா சென்டரை, அதாவது சர்வர் கணினிகளை அடுக்கி ஓட்டும் கட்டடத்தைக் குளிர்விக்கும் தண்ணீரோடு நின்றுவிடுகிறது. அங்கே வரும் மின்சாரத்தைத் தயாரிக்க அனல்மின் நிலையத்தில் ஆவியான தண்ணீர் அதில் சேராது. மிஸ்ட்ரால் சொன்னது வாழ்நாள் கணக்கு, கருவித் தயாரிப்புவரை போகும். எந்த எண்ணைப் பார்த்தாலும் 'இதில் மின்சாரத்தின் தண்ணீர் சேர்த்தியா?' என்று முதலில் கேளுங்கள். அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகக் கணக்கில், 2023-இல் அந்நாட்டு டேட்டா சென்டர்கள் நேரடியாகப் பயன்படுத்தியது சுமார் 6,600 கோடி லிட்டர். அவற்றின் மின்சாரத்துக்குப் போனது சுமார் 80,000 கோடி லிட்டர். இரண்டாவதை விட்டுவிட்டால் பெரும்பங்கே காணாமல் போகும்.

கம்ப்யூட்டருக்கு எதற்குத் தண்ணீர்?

சிப்புக்குள் போகும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகிறது. அதை வெளியேற்றாவிட்டால் சில நிமிடங்களில் சர்வர் தானே நின்றுவிடும். வெளியேற்ற மலிவான வழி கூலிங் டவர். மண்பானையில் தண்ணீர் கசிந்து ஆவியாகி, உள்ளிருக்கும் தண்ணீரைக் குளிர்விப்பது போன்ற வேலைதான் அங்கும் நடக்கிறது. விசிறி வைத்துப் பெரிய அளவில் செய்கிறார்கள்.

அளவு கையில் இருப்பது நல்லது. 30 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகச் சுமார் 2,430 கிலோஜூல் வெப்பம் வேண்டும். ஒரு யூனிட் மின்சாரம் என்பது 3,600 கிலோஜூல். ஆக, ஒரு யூனிட்டின் வெப்பத்தை ஆவியாக்கியே வெளியேற்றினால் சுமார் 1.5 லிட்டர் போகும். ஒரு மெகாவாட் சர்வர் சுமை நாள் முழுக்க ஓடினால் 24,000 யூனிட், சுமார் 36,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரி மூன்று. குளிர்விக்கும் இயந்திரத்தின் கம்ப்ரஸர் தரும் வெப்பமும் சேர்ந்தால் இன்னும் கூடும். இன்றைய ஏஐ வளாகங்கள் பத்து, நூறு மெகாவாட் கணக்கில் பேசப்படுகின்றன. 2025 அக்டோபரில் விசாகப்பட்டினத்துக்குக் கூகுள் அறிவித்தது ஒரு கிகாவாட், அதாவது ஆயிரம் மெகாவாட் அளவிலான திட்டம்.

நம் பக்கத்து உப்புத் தண்ணீரில் ஓட்டினால் கணக்கு மாறுமா?

நிறையவே மாறும். வெளியூர் எண்களை அப்படியே நம் பக்கத்துக்குப் பொருத்த முடியாததற்கு இதுவே முதல் காரணம்.

டவரில் ஆவியாவது தண்ணீர் மட்டும். உப்பு உள்ளேயே தங்கும். சுற்றச் சுற்றத் தண்ணீர் கெட்டிப்பட்டு, ஓர் அளவைத் தாண்டியதும், வெப்பத்தை வெளியே தள்ளும் கண்டென்சர் குழாய்களில் வெள்ளைக் கல் படியும். போர் தண்ணீர் பிடித்து வைத்த பக்கெட்டில் விளிம்போடு தெரிகிற அதே வெள்ளை வளையம்தான். இந்தக் கல் வெப்பத்தை எளிதில் கடத்தாது. மெல்லிய படிவமே கம்ப்ரஸரின் அழுத்தத்தை ஏற்றி, மின்செலவைக் கூட்டி, வெயில் உச்சத்தில் இயந்திரத்தை ட்ரிப் ஆக்கும். அதனால் கெட்டிப்பட்ட தண்ணீரில் ஒரு பங்கை அவ்வப்போது திறந்துவிட்டுப் புதுத்தண்ணீர் ஊற்றுவார்கள். இதற்கு ப்ளோடவுன் என்று பெயர்.

எத்தனை மடங்கு கெட்டிப்படும்வரை விடலாம் என்பதுதான் கணக்கு. ஆவியாகும் அளவை (மடங்கு கழித்தல் ஒன்று) என்பதால் வகுத்தால் ப்ளோடவுன் கிடைக்கும். டிடிஎஸ் (லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்ற அளவு) 300 உள்ள ஆற்று நீர் என்றால் ஐந்து மடங்குவரை தாராளமாக விடலாம். 36,000 லிட்டர் ஆவியானால் 9,000 லிட்டர் கழிவு, மொத்தத் தேவை 45,000. டிடிஎஸ் 1,500 உள்ள போர் தண்ணீரை, 3,000-க்கு மேல் ஏறாமல் ஓட்ட வேண்டுமானால் இரண்டு மடங்குதான் கிடைக்கும். அப்போது 36,000 ஆவி, 36,000 கழிவு, மொத்தம் 72,000 லிட்டர். ஒரே கணினி, ஒரே வேலை. மூன்றே முக்கால் லாரி ஆறு லாரியாகிவிடுகிறது.

'ஆர்ஓ போட்டுக்கொள்வோம்' என்பார்கள். போடலாம். ஆனால் ஆர்ஓவும் உள்ளே போவதில் கால் பங்குக்கு மேல் உப்பு நீராக வெளியே தள்ளும். உப்பு இடம் மாறுமே தவிர அழியாது. டவரின் கழிவில் உப்போடு பாசிக்கொல்லி, துருத்தடுப்பான் ரசாயனங்களும் இருக்கும். அதை ஏரிக்கால்வாயில் விட்டால் என்ன ஆகும் என்று வாணியம்பாடியிலோ பேர்ணாம்பட்டிலோ கிணறு வைத்திருப்பவருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

தோல் தொழிற்சாலைகள் எடுத்ததைவிட இது அதிகமா?

ஒரு கிலோ பச்சைத் தோலைப் பதப்படுத்த 30 முதல் 40 லிட்டர் என்பது வழக்கமான கணக்கு. ஒரு மெகாவாட் டேட்டா சென்டர் நல்ல தண்ணீரில் ஒரு நாள் எடுக்கும் 45,000 லிட்டரில் ஒன்றேகால் டன் தோல் பதப்படுத்தலாம். அளவில் இரண்டும் ஒரே பேச்சில் வைக்கத் தக்கவை. தன்மையில் வேறு. தோல் தொழிலில் குரோமியமும் உப்பும் கலந்த கழிவு நிலத்தில் இறங்கியது. டேட்டா சென்டரில் பெரும்பகுதி ஆவியாகிப் போய்விடுகிறது. அழுக்காகத் திரும்பி வரும் தண்ணீரைச் சுத்திகரிக்கலாம், ஆவியானது அந்தப் படுகைக்கு அந்தப் பருவத்தில் திரும்பி வராது. ஆளுக்கு வேலை என்று பார்த்தால், ஆம்பூர் காலணித் தொழில் தரும் வேலையில் சிறு பங்கைக்கூட இந்தக் கட்டடங்கள் தருவதில்லை. கட்டும்போது ஆள் வேண்டும், ஓடத் தொடங்கிய பிறகு சொற்பமே.

இங்கே பாலாறு நாட்டுக்கே ஒரு முக்கியமான தீர்ப்பைத் தந்திருக்கிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், மாசு செய்பவரே ஈடு செய்ய வேண்டும் என்றது. தொழிலால் தீங்கில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு தொழில் நடத்துபவருடையது, பாதிக்கப்பட்டவருடையது அல்ல என்றும் சொன்னது. கிணறுகள் கெட்ட பிறகு வந்த தீர்ப்பு அது. ஏஐ விஷயத்தில் அதே விதியை முன்கூட்டியே பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. 'குறைவாகத்தான் எடுப்போம்' என்பவர் மீட்டரைக் காட்டட்டும்.

மே மாதத்தில் என்ன ஆகும்?

கூலிங் டவர் நன்றாக வேலை செய்வது காற்று உலர்ந்திருக்கும்போது. நம் பக்கத்தில் அது கத்தரி வெயில் காலம். 41, 42 டிகிரி, காற்றில் ஈரம் குறைவு, தண்ணீர் சடசடவென்று ஆவியாகும். பொறியாளருக்குச் சந்தோஷம். ஆனால் பாலாறு வெறும் மணலாகக் கிடப்பதும், போர் இறங்குவதும், மேட்டூரிலிருந்து குழாயில் வரும் காவிரித் தண்ணீருக்குக் குடங்கள் வரிசை கட்டுவதும் அதே வாரங்களில்தான். ஆண்டுச் சராசரி என்று ஒரு எண்ணைக் காட்டினால் இந்த மோதல் மறைந்துவிடும். நவம்பரில் ஏரி நிரம்பி வழியும்போது எடுக்கும் தண்ணீரும் மே மாதத் தண்ணீரும் ஒரே கணக்கில் வரக்கூடாது.

தண்ணீரே இல்லாமல் குளிர்விக்க முடியாதா?

முடியும், செலவு வேறிடத்தில் ஏறும். வீட்டு ஏசி போலக் காற்றிலேயே வெப்பத்தைத் தள்ளும் ஏர்கூல்டு சில்லர் வைக்கலாம். ஒரு மெகாவாட்டுக்குச் சுமார் 285 டன் குளிர்விப்பு வேண்டும். டவர் முறையைவிட டன்னுக்கு 0.4 கிலோவாட் கூடுதலாக இழுக்கிறது என்று வைத்தால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 2,700 யூனிட் அதிகம். அந்த யூனிட்டுகள் கடலோரம் இல்லாத நிலக்கரி மின்நிலையத்திலிருந்து வந்தாலும், யூனிட்டுக்கு 3.5 லிட்டர் வைத்துப் பார்த்தால் 9,500 லிட்டர். டவரில் ஆவியாகும் 36,000-ஐவிட இது குறைவு. சூரிய மின்சாரம், காற்றாலை என்றால் அந்த 9,500-உம் ஏறக்குறைய இல்லாமல் போகும். ஆகவே நம்மைப் போன்ற வறண்ட படுகையில் ஏர்கூல்டுதான் சரி. 'மின்சாரம் அதிகமாகும்' என்ற மறுப்பு உண்மை, ஆனால் தண்ணீர்க் கணக்கில் அது நிற்காது.

இன்னொரு வழி, மூடிய குழாயில் தண்ணீரைச் சிப்பின் மேலேயே ஓடவிடுவது. புதிய ஏஐ சர்வர்கள் சில 45 டிகிரித் தண்ணீரையே ஏற்றுக்கொள்கின்றன. அவ்வளவு சூடான தண்ணீரை வெளிக்காற்றே ஆற்றிவிடும், ஆவியாக்க வேண்டியதில்லை. வேலூரில் வெளிக்காற்றே 42 தொடும் சில மதியங்களில் மட்டும் துணைக்குக் குளிர்விப்பு வேண்டியிருக்கும். குளிர்விப்புக்குத் தண்ணீரை ஆவியாக்காத வடிவமைப்பை 2024 ஆகஸ்டிலிருந்து தன் புதிய டேட்டா சென்டர்களுக்கு எடுத்துக்கொள்வதாக மைக்ரோசாப்ட் அறிவித்தது. எனவே 'வேறு வழியில்லை' என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம்.

மின்சாரத்துக்கும் தண்ணீரா?

ஆம். அனல்மின் நிலையமும் நீராவியைத் திரும்பக் குளிர்விக்க வேண்டும். கூலிங் டவர் உள்ள பழைய நிலையங்களுக்கு ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2015-இல் வைத்த உச்சவரம்பு மெகாவாட் மணிக்கு 3.5 கனமீட்டர், அதாவது யூனிட்டுக்கு 3.5 லிட்டர். வடசென்னை, தூத்துக்குடி போன்றவை கடல்நீரில் குளிர்விப்பவை, மேட்டூர் அனல்மின் நிலையத்துக்குக் காவிரித் தண்ணீர். கரியமில வாயு, இந்திய மின்தொகுப்பின் சராசரியில் யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ. உலக அளவில் டேட்டா சென்டர்கள் 2024-இல் எடுத்தது 415 டெராவாட் மணி (ஒரு டெராவாட் மணி என்பது நூறு கோடி யூனிட்), மொத்த மின்சாரத்தில் ஒன்றரை சதவீதம். 2030-இல் 945 ஆகும் என்பது சர்வதேச எரிசக்தி முகமையின் மதிப்பீடு.

நான் சாட்ஜிபிடி கேட்பதை நிறுத்தினால் ஊருக்குத் தண்ணீர் மிச்சமாகுமா?

ஆகாது. நீங்கள் காட்பாடியில் உட்கார்ந்து கேட்டாலும் பதில் சென்னையிலோ மும்பையிலோ சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ கணக்கிடப்படலாம். கடலடி கேபிள் கரையேறும் இடம் என்பதால் தமிழ்நாட்டின் பெரிய டேட்டா சென்டர்கள் அம்பத்தூர், சிறுசேரி பக்கம் குவிந்திருக்கின்றன. உங்கள் பங்கும் சிறியது. உங்கள் வீட்டு ஆர்ஓ பத்து லிட்டர் நல்ல தண்ணீர் தர, 20 முதல் 30 லிட்டரை வெளியே விடுகிறது. இருப்பதிலேயே பெரிய எண்ணான 45 மில்லியை வைத்தாலும், நடுவாக 25 லிட்டர் என்று எடுத்தால் அது ஐந்நூறுக்கும் மேற்பட்ட கேள்விகளுக்குச் சமம். ஆர்ஓ கழிவுக் குழாயின் கீழே ஒரு பக்கெட் வைத்துக் கழிவறைக்கும் தரை துடைக்கவும் எடுத்துக்கொள்ளுங்கள். அதுதான் உங்கள் கையில் உடனே இருப்பது. செடிக்கு ஊற்ற வேண்டாம், உப்பு அதிகம்.

படம், வீடியோ?

எழுத்தைவிடப் பல மடங்கு. ஏஐ ஆய்வாளர் சாஷா லுச்சியோனி குழுவின் 2023 ஆய்வில் 1,000 படத்துக்குச் சராசரி 2.9 யூனிட், 1,000 எழுத்துப் பதிலுக்கு 0.05 யூனிட்டுக்கும் குறைவு. வீடியோ இன்னும் மேலே. பொங்கல் வாழ்த்துக்கு இருபது படம் உருவாக்கிப் பத்தொன்பதை அழிப்பது வீண் செலவு. நீளமாக 'யோசித்து' பதில் சொல்லும் மாடல்களும் சாதாரணப் பதிலைவிட அதிகம் இழுக்கும்.

மாடலைப் பயிற்றுவிக்க ஆகும் செலவு?

ஜிபிடி-3-க்கு 1,287 மெகாவாட் மணி என்பது 2021-இல் வெளியான கணக்கு. சுமார் 12.9 லட்சம் யூனிட். ரென் குழு அதற்கு டேட்டா சென்டரில் மட்டும் 7 லட்சம் லிட்டர் ஆவியாகியிருக்கும் என்று மதிப்பிட்டது. இன்றைய மாடல்கள் அதைவிட மிகப் பெரியவை.

எங்கள் கல்லூரியில் சொந்தமாக ஜிபியு சர்வர் வைக்கப் போகிறோம். என்ன பார்க்க வேண்டும்?

ஜிபியு என்பது ஏஐ கணக்கைப் போடும் சிப். என்விடியாவின் எச்100 வகை ஜிபியு எட்டு உள்ள ஒரு பெட்டி உச்சத்தில் 10.2 கிலோவாட் இழுக்கும். முழுச்சுமையில் நாளுக்கு 245 யூனிட், நடுத்தர வீடு ஒன்றின் இரண்டு மாத ஈபி ரீடிங் அளவு. ஏசிக்கு மேலும் மூன்றில் ஒரு பங்கு. குளிர்விப்பு 2.9 டன் வேண்டும், ஆகவே இரண்டு டன் ஏசி மூன்று வாங்குங்கள்: இரண்டு ஓட, ஒன்று ஓய்வில், டைமர் வைத்து மாற்றி மாற்றி. வீட்டு ஏசி 24 மணி நேரமும் ஓடுவதற்காகச் செய்யப்பட்டதில்லை.

அடிக்கடி நடக்கும் தவறு, ஏசி காற்று சர்வரின் பின்பக்கம் படும்படி வைப்பது. சர்வர் முன்னால் இழுத்துப் பின்னால் சூட்டைத் தள்ளும், குளிர்ந்த காற்று முன்னால் விழ வேண்டும். பின்னால் வரும் சூடு சுற்றி முன்னே வராமல் ஒரு பலகைத் தடுப்பாவது போடுங்கள். ஏசியை 18 டிகிரியில் வைக்க வேண்டாம். சர்வரின் முன்பக்கக் காற்று 24, 25 டிகிரி இருந்தாலே போதும்.

அவுட்டோர் யூனிட்டை மொட்டை மாடியில் மேற்கு வெயிலில் வைத்தால் மே மாதம் மதியம் ட்ரிப் ஆகும். வடக்குச் சுவரில் இரண்டடி இடைவெளி விட்டு வையுங்கள். வெயிலுக்குப் பயந்து அதன்மேல் போர் தண்ணீரைத் தெளிக்காதீர்கள். நம் தண்ணீரில் ஒரே கோடையில் அலுமினியத் தகடுகள் வெள்ளைக் கல் பிடித்து அடைந்துவிடும். ஏசி சொட்டும் தண்ணீர் உப்பில்லாதது என்று இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுவதும் கூடாது, அதில் தூசும் உலோகத் துகளும் இருக்கும்.

மின்சாரம் மிச்சப்பட எளிய வழி ஒன்று உண்டு. ஜிபியுவுக்கு மின் வரம்பு வைக்கலாம். 700 வாட்டை 500-க்கு இறக்கினால் வேகம் அதே விகிதத்தில் குறைவதில்லை. நீண்ட பயிற்சி வேலைகளைச் சூரிய மின்சாரம் கிடைக்கும் பகலுக்குத் தள்ளுங்கள். உயரழுத்த இணைப்பு என்றால் காலை, மாலை உச்சநேரக் கூடுதல் கட்டணமும் தப்பும்.

ஏஐ தண்ணீரை மிச்சப்படுத்தவும் உதவுமே?

உதவும். குழாய்க் கசிவைக் கண்டுபிடிக்க, ஏரிக் கொள்ளளவைச் செயற்கைக்கோள் படத்தில் பார்க்க உதவும். இதற்கெல்லாம் தேவைப்படுவது சிறிய மாடல்கள். அதைக் காட்டிப் பெரிய டேட்டா சென்டரின் தண்ணீரை நியாயப்படுத்துவது பொருந்தாது.

நம் பக்கம் டேட்டா சென்டர் வந்தால் எங்கே, என்ன கேட்பது?

சென்னை-பெங்களூரு சாலையோரம் தொழிற்பேட்டைகள் பெருகுவதால் கேள்வி நியாயமானது. முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது: 20,000 சதுர மீட்டருக்கு மேல் கட்டடம் என்றால் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும், ஆனால் கட்டுமானத் திட்டம் என்ற வகையில் வருவதற்கு மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் கட்டாயமில்லை. கூட்டம் நடக்கும் என்று காத்திருந்தால் காரியம் முடிந்துவிடும். விண்ணப்பம் ஒன்றிய அரசின் சுற்றுச்சூழல் அனுமதிக்கான பரிவேஷ் இணையதளத்தில் ஏறும்போதே எடுத்துப் படியுங்கள். நிலத்தடி நீர் எடுக்க மாநில நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று வேண்டும். உங்கள் பிர்கா 'மிகையாக உறிஞ்சப்பட்டது' என்ற பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணையில் ஒரு நாளைக்கு எத்தனை கிலோலிட்டர் கழிவு, எங்கே போகிறது என்று எழுதியிருக்கும்.

கேட்க வேண்டியவை: முழுதாக ஓடும்போது எத்தனை மெகாவாட் (முதல் கட்டம் மட்டும் சொல்லி மீதியைப் பிறகு சேர்ப்பது வழக்கம்). கூலிங் டவரா, ஏர்கூல்டா. மே மாத உச்ச நாளில் எத்தனை கிலோலிட்டர், சராசரியில் எத்தனை. எந்தத் தண்ணீர்: போரா, காவிரிக் குழாயா, சுத்திகரித்த கழிவுநீரா. கடைசியாகச் சொன்னதற்கு 'இங்கே சாத்தியமில்லை' என்று பதில் வந்தால், கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் தலா 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை நாள்தோறும் ஆர்ஓ வரை சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்குத் தரும் நிலையங்கள் இருப்பதை எடுத்துச் சொல்லுங்கள். ப்ளோடவுன் எத்தனை மடங்கில், அதன் டிடிஎஸ் என்ன, ஆர்ஓ கழிவு உப்பு எங்கே கொட்டப்படும். டீசல் ஜெனரேட்டர் எத்தனை, மாதம் எத்தனை மணி நேரம் சோதனை ஓட்டம்.

பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, வாரியத்தின் மாவட்ட அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 'தண்ணீர் விவரம் தருக' என்று பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் பதில் வரும். இசைவாணையின் நகல், கடைசி 12 மாத மீட்டர் ரீடிங் மாதவாரியாக, ப்ளோடவுன் பரிசோதனை அறிக்கைகள் என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும், தராவிட்டால் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு அடுத்த 30 நாளுக்குள் எழுதலாம்.